எழுபத்தொன்பது ரூபாய் எலி

தள்ளுபடியில் எழுபத்தொன்பது ரூபாய்.
விருகம்பாக்கத்தில் அந்தக் காசுக்கு
ஒரு பொடி தோசை வரும், காபி வராது.
இதில் ஓர் எலி வருகிறது,
நெற்றியில் விளக்கு கட்டிய எலி,
அதன் காலடியில் முடிவில்லாத சாக்கடை.

இடது கட்டைவிரல் ஓடும்.
வலது கட்டைவிரல் சுடும்.
ஓடுகிற பக்கமே சுடக் கூடாது என்று கற்றுக்கொள்ள
நூற்றுப்பத்துச் சாவு ஆயிற்று.
இப்போது பழகிவிட்டது
மேற்கே தப்பித்துக்கொண்டே கிழக்கே சண்டை போடுவது.
பில்லிங் கவுண்டரில்
வாய் ஒருவரிடம் "உட்காருங்க சார்" என்னும்போது
விரல் இன்னொருவரின் டெபாசிட்டைத் தட்டும்.
அதே வித்தைதான், சம்பளத்தோடு.

செத்தால் எல்லாம் போகும்.
பொறுக்கிய நாணயம்,
தோட்டாவை இரண்டாய்ப் பிளக்கும் கண்ணாடி,
அடிபட்டால் சிரிக்கும் பல்,
ஏழாம் தளத்தில் ஓர் இதயத்தை விற்று வாங்கிய குடை.
மறுபடி முதல் அறை.
நேற்றைய முதல் அறை அல்ல, கதவு இடம் மாறியிருக்கும்.
எனக்கொன்றும் திகைப்பில்லை.
மெட்ரோவுக்குத் தோண்டுகிற ஆற்காடு சாலையில்
நேற்று திரும்பிய இடத்தில் இன்று தகர வேலி,
தகர வேலி இருந்த இடத்தில்
ஒரு பள்ளமும் பச்சைக் கொடியோடு ஒரு பையனும்.

இன்னும் ஒரே ஓர் ஆட்டம் என்று
பதினொன்றரைக்குச் சொன்னேன்.
அடுத்து என் காதில் விழுந்தது
சந்துக்குள் பின்னோக்கி வரும் தண்ணீர் லாரி.

செவ்வாய்க்கிழமை
வருகைப் பதிவு இயந்திரம் என் இடது கட்டைவிரலை ஏற்கவில்லை.
துப்பட்டாவில் துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன்.
ரேகை பொருந்தவில்லை என்றது.
எச்.ஆர். பெனாசிர் விரலைப் பிடித்து
டியூப்லைட் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.
"வீட்டுல பாத்திரம் ரொம்ப தேய்ப்பீங்களா?"
ஆமாம் என்றேன்.

கன்ட்ரோலர் பழசு, ரிச்சி தெருவில் நானூறுக்கு வாங்கியது.
யாரும் தொடாவிட்டாலும் இடது ஸ்டிக்
எலியை வடமேற்கே நகர்த்தும்.
டீ போட்டு எடுத்து வருவதற்குள்
சுவரில் மூக்கை வைத்து
நடந்துகொண்டே இருக்கும் பாவம்.
விரலால் ஒரு மயிரிழை எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்தால்
நிற்கும்.
பன்னிரண்டாம் தளத்தைத் தாண்டாததற்கு
இதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன்.
பழியை எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே.

சனிக்கிழமை இலியாஸ் கடையில் புது ஸ்டிக் போட
நூற்றெண்பது ரூபாய்.
எலியைவிட எலியின் கால் விலை அதிகம்.

அன்றிரவு முதல் அறையிலேயே செத்தேன்.
இரண்டாம் முறையும்.
ஆறாம் முறை, எதிரியே இல்லாத அறையில்
முள்ளின் மேல் தானாகப் போய் ஏறியது எலி.
ஸ்டிக் இப்போது எந்தப் பக்கமும் இழுக்கவில்லை.
தென்கிழக்கே தள்ளுவது என் விரல்,
இல்லாத ஒன்றை இன்னமும் எதிர்த்து.
ஒரு வாரம் பார்த்தேன். விரல் கேட்கவில்லை.
ஷேர் ஆட்டோவின் கம்பியைக்கூட
அப்படித்தான் பிடிக்கிறது.

"பழைய ஸ்டிக்கையே போட்டுக் குடுங்க."
இலியாஸ் என்னைப் பார்த்தார்,
எனக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார்,
மறுபடி என்னைப் பார்த்தார்.
மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து
செய்தித்தாளில் கவிழ்த்தார்.
"நாப்பது அம்பது இருக்கும்.
எது உங்களுதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஒவ்வொன்றாய் எடுத்து
கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறேன்.
இது இறுக்கம்.
இதில் ரப்பரே இல்லை.
இது வேறு யாரோ, கோபக்காரர்,
நடுவிலேயே குத்தியிருக்கிறார்.
"மேடம், கொஞ்சம் சீக்கிரம்" என்கிறது ஒரு குரல்.
இது இல்லை.