நூறு டுகாட், போக வர

பச்சைத் துணியை இருமுறை உதறித்தான் மேசையில் விரிப்பேன்.
துணியில் நாலு கோடு:
கீழே குரோட், அதன்மேல் ஷில்லிங், அதன்மேல் பவுண்டு,
உச்சியில் இருபது பவுண்டு. அங்கே எட்டுகிறவர் அபூர்வம்.
கோட்டில் வைக்கிற வில்லைகள் வெறும் பித்தளை.
கீழே பன்னிரண்டு நிறைந்தால் மேலே ஒன்று ஏறும்,
அங்கே இருபது நிறைந்தால் இன்னும் மேலே ஒன்று.
ஒரு காசுக்கும் பெறாத வில்லைதான்
ப்ரூஜ் நகரத்துக்கே விலை சொல்கிறது.

என் பெயர் மாக்டெல்ட்.
கணவனின் தராசும் அவன் கடனும் ஒரே நாளில் என்னிடம் வந்தன.
தராசில் பிழை இல்லை.

மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள் கில்லிஸ் வந்தான்.
சாயக்காரன், முழங்கை வரை நீலம்.
ஐயாயிரம் குரோட் வேண்டும்.
லூக்காவிலிருந்து வந்திருக்கும் டெக்ரிமோ கொடுப்பான்,
கடன் என்று மட்டும் சொல்ல மாட்டான்,
வட்டி என்றால் வாய் கொப்பளிப்பான்.
"வெனிஸில் எனக்கு நூறு டுகாட் தரவேண்டியது.
டுகாட்டுக்கு ஐம்பது குரோட். இதோ சீட்டு."
கில்லிஸ் வெனிஸைப் பார்த்ததில்லை,
கெண்ட்டுக்கு அப்பால் எதையுமே.

சீட்டு புறப்பட்டது.
காசு புறப்படவில்லை.
என் மேசையிலிருந்து கில்லிஸின் பைக்கும்
பையிலிருந்து நீலச்செடி விற்பவனுக்கும் போய்
மூன்றாம் தெருவிலேயே நின்றுவிட்டது.
சீட்டுதான் குதிரை ஏறிற்று,
கொலோன், பாசல், பிறகு பனி மூடிய கணவாய்,
கையளவு தாளில் இரண்டே வரி,
யாரும் தொடாத நூறு டுகாட்டைச் சுமந்துகொண்டு.

துறவி வௌட்டர் வழிமறித்துக் கேட்டார்: "எதை விற்றாய்?"
"தூரத்தை," என்றான் டெக்ரிமோ.
"காலத்தை அல்லவா? காலம் கடவுளுடையது."
"காலம் அவருடையதுதான், ஐயா.
சாலை கொள்ளைக்காரர்களுடையது."

எந்த வருஷமும் வெனிஸில் டுகாட் இரண்டு மூன்று குரோட் ஏற்றம்.
போகையில் ஐம்பது, வருகையில் ஐம்பத்து மூன்று.
முந்நூறு குரோட், அதாவது ஒரு பவுண்டு ஐந்து ஷில்லிங்,
நாலு மாதத்தில் பனியிலிருந்து முளைத்துவிடும்.
வட்டி என்று யாரும் அதைக் கூப்பிடுவதில்லை,
அதனால் அதுவும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நோன்புக் காலம், தெருவெல்லாம் கருவாட்டு வாடை,
தபால்காரன் வந்தான்.
பிரித்தேன்.
நாற்பத்தொன்பது.

துணியை உதறினேன்.
வில்லைகளை அள்ளி முதலிலிருந்து வைத்தேன்.
நூறு டுகாட், நாலாயிரத்துத் தொள்ளாயிரம் குரோட்:
இருபது பவுண்டு, எட்டு ஷில்லிங், நாலு குரோட்.
மூன்றாம் முறையும் அதே.
சிரியாவுக்குப் பருத்தி வாங்கப் போகவேண்டிய கப்பல்கள்
துறையிலேயே கிடந்தனவாம்,
வேலையற்ற டுகாட் அங்கே மலிந்துவிட்டதாம்.

டெக்ரிமோவுக்கு நூறு குரோட் நஷ்டம்.
சீட்டைப் பிடித்துக்கொண்டு துறவியிடம் ஓடினான்,
"பாருங்கள், நான் வட்டிக்காரன் இல்லை!"
முகத்தில் அழுகை, குரலில் வெற்றி.
இவ்வளவு சல்லிசாக ஒருவன் நல்லவனாகி
நான் பார்த்ததில்லை.

கில்லிஸ் ஐயாயிரத்து முந்நூறு கட்டிக்கொண்டு வந்திருந்தான்.
நானூறை எண்ணி அவன் பக்கம் தள்ளினேன்.
எடுக்கவில்லை.
"மறுபடி எண்ணு."
எண்ணினேன்.
"மறுபடி."
போன வருஷம் முந்நூறு கூடுதலாகக் கட்டியபோது
வாய் திறக்காதவன்.
சூழ்ச்சி எங்கே என்று
வில்லைகளைப் புரட்டிப் புரட்டித் தேடினான்.
கப்பல் என்றேன், பருத்தி என்றேன்.
"என்றைக்காவது இதைத் திருப்பிக் கேட்பீர்கள்," என்றான்.
தன் முந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டு
மீதி நூறை அப்படியே விட்டுப் போனான்.

டெக்ரிமோ அதைத் தொடவில்லை.
தொட்டால் மறுபடி பாவி.

ஒரு வில்லையில் அவன் விரலின் காயாத நீலம்
ஒட்டிக்கொண்டது.
புளித்த திராட்சைச் சாற்றில் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.
கோட்டில் அது வந்து விழுகிற நாளெல்லாம்
மறுபடி எண்ணுகிறேன்.