பத்தாவது ஆள்

விமானம் ரியூனியனிலேயே நின்றுவிட்டது.
புயல் எச்சரிக்கை, இரண்டாம் வகுப்பு.
அதில் வரவேண்டியவர்தான் பத்தாவது ஆண்.

செயின்ட் மார்ட்டின் கல்லறைத் தோட்டத்து வாசலில்
வேனை நிறுத்திக் கதவை இழுத்தேன்.
ஒன்பது ஆண்கள். பிறகு நௌமா,
மார்போடு அணைத்த கோப்புடன்.
காதில் செருகிய பாட்டை எடுக்காத அவள் பேரனுக்குப்
பதின்மூன்று முடிந்துவிட்டதாம்,
அவனையும் சேர்த்துத்தான் ஒன்பது.

மனிதர்களை ஒன்று இரண்டு என்று எண்ணக் கூடாதாம்.
பத்துச் சொல் உள்ள ஒரு வசனத்தை
ஆளுக்கொரு சொல்லாய் வைத்துக்கொண்டே வந்தார்
கிழவர் செலிக்.
பத்தாவது சொல்
வைக்க ஆளில்லாமல் அவர் வாயிலேயே நின்றது.
என்னைப் பார்த்தார்.
"ஒருவேளை நீ யூதனா?"
"வீரப்பேன். தமிழன்."
"பாவம்" என்றார்,
என்னைச் சொன்னாரா எண்ணிக்கையைச் சொன்னாரா தெரியாது.

காலையில் போ பாஸ்ஸாங் போயிருந்தோம்.
இன்றைக்கும் அது சிறைதான், உள்ளே கைதிகள் இருக்கிறார்கள்.
படம் எடுக்காதே என்றான் காவலன்.
செலிக் கடவுச்சீட்டை விரித்துக் காட்டினார்:
பிறந்த இடம், போ பாஸ்ஸாங்.
அந்த மதிலுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில்.
காவலன் நிமிர்ந்து சல்யூட் வைத்தான்.
"அப்படியானால் நம்மூர்க்காரர்.
ஆனாலும் படம் கூடாது."

டான்சிக்கிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல்.
ஹைஃபாவின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிந்தபின்
திருப்பி அனுப்பினார்கள்.
மொரீஷியஸ் என்றதும் ஒருவன் வரைபடத்தை விரித்து
எங்கள் தீவை
ஈ எச்சம் என்று விரலால் துடைத்தானாம்.
நௌமா இதைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
சிரித்தது சரியா என்று
பெத்தித் ரிவியேர் வளைவுவரை யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

எகோன் டௌபர், இருபத்தாறு, டைஃபாய்டு.
அவள் அப்பாவின் அண்ணன்.
"இவருக்குக் கல் இருக்கிறது" என்றாள்.
"டான்சிக்கிலேயே தங்கிவிட்ட அம்மாவுக்கு இல்லை,
தங்கைகள் மூன்று பேருக்கும் இல்லை.
எல்லாரையும் இந்த ஒரு கல்லில்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம்.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தவில்லை.
பிழையோடுதான் அவர் இங்கே படுத்திருக்கிறார்."

பிறகு, குரல் மாறாமல்:
"பத்தாவது ஆள் நான்."

ஆங்கிலத்தில் தொடங்கிய சண்டை
பாதியில் அவர்கள் மொழிக்குப் போய்விட்டது.
சொற்கள் புரியவில்லை, சண்டை புரிந்தது.
எங்கள் கோயில் கமிட்டியில் வருஷா வருஷம் கேட்பதுதான்.
அவள் கோப்பைத் திறந்து காட்டினாள்:
பட்டியல்கள், கடிதங்கள்,
பழுப்பேறிய ஒரு காய்ச்சல் அட்டை.
முப்பது வருஷம் இதை வைத்திருந்தது யார் என்று கேட்டிருப்பாள்.
வேறென்ன கேட்டிருக்க முடியும்?
பையன் காதிலிருந்து பாட்டை எடுத்தான்.

செலிக் பதில் சொல்லவில்லை.
மூன்று கல்லறை தள்ளிப் போய்
முதுகைக் காட்டி நின்றார்.

நௌமாவைச் சேர்த்தும்
மறுபடி ஒன்பது.

காற்று ஏறியது. கரும்பு ஒரே பக்கமாய்ச் சாய்ந்தது.
அவர்கள் காத்திருக்கவில்லை, தொடங்கிவிட்டார்கள்.
பையனுக்குத் தாள் படபடத்தது,
ஒரு வரியை இரண்டு தடவை படித்தான்.
நிறுத்தும் இடங்களில் எல்லாரும் ஆமேன் என்றார்கள்,
கிறிஸ்தவ நண்பர்கள் வீட்டுச் சாவுகளில் கேட்ட அதே சொல்.
மூன்றாவது தடவையோ நான்காவதோ,
அவர்கள் சொல்லி முடித்த பிறகு,
மூன்று கல்லறைக்கு அப்பாலிருந்து
திரும்பாத முதுகின் முன்பக்கத்தில்
தனியாக ஓர் ஆமேன்.

பத்து, என்று எண்ணிவிட்டேன்.
எண்ணக் கூடாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பூ வைப்பதில்லையாம், கல்தான்.
கரும்புத் தோட்டத்தில் குவித்துக் கிடந்த கருங்கற்களில்
சின்னதாய் ஒன்றைப் பையன் எடுத்து வந்தான்.
அந்தக் குவியலை யார் பொறுக்கிச் சேர்த்தது என்று
அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.
இன்று அவர்கள் நாள்.

திரும்பும்போது செலிக் முன்சீட்டில் உட்கார்ந்தார்.
டாஷ்போர்டில் ஒட்டிய என் லைசென்ஸை
வெகுநேரம் வாசித்தார்.
"வீரப்பேன். இப்படித்தான் எழுதுவதா?"
"வீரப்பன். துறைமுகத்துக் குமாஸ்தா
காதில் விழுந்தபடி எழுதிவிட்டான்."
"ஓ" என்றார். "எங்களுக்கும் ஒருவன் இருந்தான்."

மழை பிடித்துக்கொண்டது.
வைப்பரைப் போட்டேன்.