ஏழாவது பாட்டில் மழை இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எனக்கு சங்கீதம் தெரியாது.
ஜெயநகரில் ஒரு பல் மருத்துவரிடம்
பில் போடுகிற வேலை.
ஆனால் இரண்டு வருடத்தில்
இந்த ஊரில் நாற்பத்தொரு கச்சேரி
நின்றுகொண்டே கேட்டிருக்கிறேன்.
என் கால்களுக்குக் கொஞ்சம் அபிப்பிராயம் உண்டு.

'பழுப்புக் கடிதம்' குழுவின் மூன்றாவது ஆல்பம்
பிரமாதம் என்கிறாள் சுகந்தி.
பிரமாதம்தான்,
புதுவீட்டுக் குளியலறை மாதிரி.
எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்.
ஒன்பது பாட்டு பாடியும்
ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.

விமான நிலையச் சாலையில் அந்தப் பெரிய கச்சேரி,
நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
பாடகர் தீக்குச்சி அளவில் தெரிந்தார்.
திரையில் அவர் உதடு
குரலுக்கு அரை நொடி பின்னால் வந்தது.
"கேட்குதா பெங்களூரு?" என்றார்.
கேட்டது,
என் முன்னால் நின்றவரின் கைபேசியிலிருந்து.

தினேகா என்றொரு பெண்,
கம்மனஹள்ளியில் வாடகை அறையில் பதிவுசெய்த ஆறு பாட்டு.
எல்லாவற்றிலும் ஃபிரிட்ஜ் முனகுகிறது.
மூன்றாவதில் மேல்வீட்டுக் குக்கர் கூவ,
பாடிக்கொண்டிருந்தவள் நிறுத்தி,
அந்தக் கூவலையே சுருதியாகப் பிடித்து
அடுத்த அடியைத் தொடங்குகிறாள்.
சில்க்போர்டு சிக்னலில் நான்கு முறை கேட்டேன்.
சிக்னல் ஒருமுறைதான் மாறியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.
'வாரிசுச் சான்றிதழ்' குழுவின் நேரலை ஆல்பம்.
சாந்திநகர் பஸ் டிப்போவுக்குப் பின்னால்
பழைய லாரி ஷெட்,
தகரக் கூரை, மே மாதம்.
நான் அங்கே இருந்தேன்.
இதைச் சாட்சியாகவே சொல்கிறேன்.

ஏழாவது பாட்டில் மழை பிடித்தது.
தகரத்தில் அது இறங்கியதும்
இர்ஃபான் குழம்பி
இரண்டு தாளம் முன்னதாகவே பேஸை மீட்டிவிட்டான்.
ரெஜினா திரும்பிப் பார்த்தாள்.
மைக்கைத் தாழ்த்திக்கொண்டு
வாய்விட்டுச் சிரித்தாள்.
டிரம்ஸில் இருந்த ஹேமந்த்
பாட்டையே தூக்கிக்கொண்டுபோய்
இர்ஃபான் நின்ற இடத்தில் வைத்தான்.
அப்படியொரு மரியாதையை
எந்த அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை.

பிறகு கரண்ட் போனது.
மிச்சத்தைக் கூட்டம் பாடியது.
பக்கத்தில் நின்ற கன்னடப் பையன்
"கரையில் நிற்கிறேன்" என்பதைக்
"கறியில் நிற்கிறேன்" என்று
உயிரைக் கொடுத்துப் பாடினான்.
நான் திருத்தவில்லை.
இரண்டாம் முறை நானும் கறியில் நின்றேன்.

ஆல்பத்தில் இர்ஃபான் சரியான இடத்தில் வருகிறான்.
சிரிப்பு இல்லை.
மழையைத் துடைத்துவிட்டார்கள்.
கரண்ட் போன இடத்தில்
வேறெந்த இரவின் முடிவையோ ஒட்டி
பாட்டு ஒழுங்காக முடிகிறது.
இரண்டாம் பாட்டுக்கு விழுந்த அதே விசில்
ஒன்பதாம் பாட்டுக்கும் விழுகிறது.
அடித்தவனை எனக்குத் தெரியும்,
அவன் ஐந்தாவதிலேயே கடைசி மெட்ரோவுக்கு ஓடிவிட்டான்.

இதையெல்லாம் சுகந்தியிடம் சொன்னால்
"பாட்டைக் கேளுடி, வானிலையைக் கேட்காதே" என்கிறாள்.

தினமும் கேட்கிறேன்தான்.
ஏழாவதில், நாலு நிமிடம் பன்னிரண்டாவது நொடியில்,
இடது காதில் மட்டும்
ஏதோ விழுகிற சத்தம்.
டிரம்ஸ் குச்சி என்கிறாள் சுகந்தி.
இல்லை, அது என் குடை.
சுவரில் சாத்தி வைத்திருந்தேன்,
யாரோ தட்டிவிட்டார்கள்,
மர முனைப் பிடி, சிமெண்டுத் தரை,
அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் போட்டேன்.
அதில் அரை, குடைக்கு.