வேலி வெட்டுகிறவள்

ஆகஸ்டில் வேலி வெட்டுவோம் இட்வலும் நானும்,
வேல்ஸ் எல்லையோரத்துப் பெரிய வீடுகளில்.
யூ மரத்தின் இந்த வருடத் தளிர் மட்டும்.
மண் ஒட்டக்கூடாது, ஐவிக்கொடி கலக்கக்கூடாது.
வெள்ளிக்கிழமை மருந்துக் கம்பெனி லாரி வந்து
மூட்டைகளை எடைபோட்டு ஏற்றிக்கொள்ளும்.
எதற்கென்று கேட்டதில்லை.
விஷம் என்று மட்டும் தெரியும்:
இட்வலின் பெட்டைக் குதிரை
வாயில் கொஞ்சம் தழையோடே விழுந்து கிடந்தது.

பிப்ரவரியில் ஊசி குத்தி
அதே தழையை எனக்குள் இறக்கினார்கள்.
தழை இல்லை, தழையிலிருந்து எடுத்துத் திருத்தியது
என்றாள் நர்ஸ் டெஸ்னி.
கையுறைப் பெட்டியின் முதுகில் படம் போட்டாள்:
செல் பிரியும்முன் உள்ளே கயிறு கட்டுமாம்,
இரண்டு முனையிலிருந்தும்.
நடுவில் வரிசையாக ஜோடிகள்.
கயிறு கரையக் கரைய
அவை அந்தந்தப் பக்கம் இழுபடும்.

மருந்து கயிற்றை அறுக்குமா?
இல்லை, கரைய விடாது.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான்.

எனக்கு அது பிடித்திருந்தது.
நான் வெட்டுகிறவள்.
ஒரு கிளையை நறுக்கினால் இரண்டாய்த் துளிர்க்கும்,
வேலி அடர்வதே அப்படித்தான்.
இது வெட்டுவதில்லை.
கயிறு இழுக்கும் போட்டியில்
கயிறே கம்பியாகிவிட்டது.
எல்லாம் வரிசையில் நிற்கிறது
விசில் சத்தத்துக்கு.
ஐந்து மணி நேரம். பத்து மணி நேரம்.
நின்றபடியே சிலது செத்துவிடும் என்றாள்.

சிலதுதானா?

பேனாவை மூடினாள்.
சிலது பிரியாமலே நழுவி வந்துவிடும்,
ஊதிப்போய், இரட்டைச் சுமையோடு.
அதை என்ன செய்வது?
மூன்று வாரம் கழித்து வாங்க.

நகம் கழன்றுவிடாமல் இருக்க
உறையவைத்த கையுறை மாட்டினார்கள்.
முடிக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை நான்.
பிரிகிற செல் எதுவானாலும் மருந்துக்கு ஒன்றுதான்;
முடி தலையணையிலேயே தங்கிவிட்டது.

மறுபடி ஆகஸ்ட்.
விரல் நுனிகள் மரத்துவிட்டன.
சரியான சொல்தான். மரம்தான் ஏறியிருக்கிறது.
கத்தரிப் பிடி கையில் இருக்கிறதா என்று
கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.
விட்டுவிடேன் என்றான் இட்வல் ஒருமுறை.
அப்புறம் சொல்லவில்லை.

இந்த முறை நான்தான் சுத்தமாகப் பொறுக்கினேன்,
இலை இலையாக, ஐவி ஒன்றுகூட இல்லாமல்.
எவளுக்குப் போகிறதோ.

வெள்ளிக்கிழமை தராசில்
என் மூட்டை நாலு கிலோ குறைந்தது.
லாரிக்காரன் முள்ளைப் பார்த்தான்,
என் தலைத்துணியைப் பார்த்தான்,
எழுதிக்கொண்டான்.
குறைந்ததை அப்படியே எழுதினான்.
நல்லவேளை.