ஸ்பீக்கருக்குள் மணல்

மணவாளக்குறிச்சியில் பஸ் திரும்புகிற இடத்தில் என் கடை.
ஆறடிக்கு எட்டடி.
பலகையில் 'பழுது' என்பதைப் 'பழுத்து' என்று எழுதிவிட்டான் பெயின்டர்.
எட்டு வருடமாகப் பழுத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கரையில் பாதி போனுக்கு ஒரே நோய்தான்:
பேசுகிறவர் கிணற்றுக்குள் விழுந்தாற்போல் கேட்கும்.
திருகாணி கழற்றி ஸ்பீக்கர் வலையைத் தூக்கினால்
கருஞ்சீரகத்தை இடித்துப் போட்டதுபோல மணல்.
ஊதினால் போகாது.
உள்ளே ஒரு காந்தம், பயறு அளவு.
பிடித்தால் விடாது.

அந்தக் காந்தத்தில் இருப்பது நியோடிமியம்.
கிரேக்கத்தில் 'புது இரட்டை' என்று பொருள்.
முதலில் 'இரட்டை' என்றே பெயர் வைத்தார்கள்,
வேறொன்றின் கூடப்பிறந்தது என்றெண்ணி.
நாற்பது வருடம் கழித்துப் பிரித்துப் பார்த்தால்
அந்த ஒரு பிள்ளைக்குள்ளேயே இரண்டு பிள்ளை.
ஒன்று பச்சை இரட்டை, மற்றது புது இரட்டை.
அதெல்லாம் ஒளிந்திருக்கும் மண்
எட்டிப் பார்த்தால் தெரிகிற கடற்கரையிலும் உண்டு.
உள்ளே இழுப்பதும் வெளியே ஒட்டுவதும்
ஒரே ஊர்க்காரர்களாக இருக்கலாம்.
நிரூபிக்க என்னிடம் கருவி இல்லை.

செவ்வாய்க்கிழமை சின்னவிளை ரபேலம்மா வந்தாள்.
மீன்கூடை வாசலில்.
"தங்கச்சி குவைத்துல இருந்து விளிக்கா.
அவளுக்க சத்தம் கேக்க மாட்டேங்கு."

கை வேலை பார்க்கும்போது என் வாய் சும்மா இராது.
"அக்கா, 1909இல ஒரு ஜெர்மன்காரரு,
திருவிதாங்கூர்ல இருந்து கப்பலேறிப் போன
கயிற்றுக்கட்டை உதறியிருக்காரு.
பளபளன்னு மணல்.
கயிற்றை விட்டுட்டு மணலைப் பிடிச்சாரு.
அது வந்த வழியே தேடி வந்தா, நம்ம ஊரு."

"அதுல என்ன இருந்து?"

தோரியம்.
பனிநாட்டார் கும்பிட்ட இடிச்சாமி தோரின் பெயர்.
இடியின் பெயர் சுமந்த அது
இடிக்கவில்லை, முழங்கவில்லை.
குழந்தையின் காலுறை அளவு வலையில் பூசப்பட்டு
ஐரோப்பாவின் தெருக்களில் வெள்ளையாய் எரிந்தது.
அந்த வலையைக் கண்டுபிடித்தவர்தான்
இரட்டையை இரண்டாகப் பிரித்தவரும்.
பிறகு பெட்ரோமாக்ஸ் வந்தது.
'மாக்ஸ்' என்றால் பெரிது என்றே நினைத்திருந்தேன்.
அது ஒரு ஆள் பெயராம்.

"உங்க சித்தி கல்யாணத்துக்கு எடுத்த வாடகை விளக்குல
நம்ம கரைதான் எரிஞ்சிருக்கும்."

"எங்க எரிஞ்சுது? மேன்டில் பொட்டிப்போச்சு.
பாதிப் பந்தி இருட்டுல. மாப்பிள வீட்டுக்காரன் சண்ட.
நீரு கத விடாம போனைப் பாரும்."

பார்த்தேன். ஆனாலும்
அந்த மண்ணின் பெயர் நாக்கு நுனியில் நின்றது.
மோனசைட்.
'தனித்திருத்தல்' என்று பொருள்,
கண்டவர் ஒற்றை ஒற்றைப் படிகமாகக் கண்டதால்.
சொல்லிவிட்டேன்.

சொல்ல வைத்திருந்த மீதி:
ஊருக்கு மணவாளன் பெயர், மண்ணுக்குத் தனிமையின் பெயர்,
முனையில் கல்யாணம் நின்றுபோன குமரி,
பந்திக்கு வந்த அரிசி மணலாகிப் போனதென்கிற கதை.
இரண்டு வருடமாக யாரிடம் சொல்லலாம் என்றிருந்தேன்.
எதிரில் ரபேலம்மா. ஐம்பத்தொன்று.
கழுத்தில் ஜெபமாலை மட்டும்.
திருகாணியை வாயில் கவ்விக்கொண்டேன்.

அவள் விரலை நக்கி
தட்டில் கிடந்த மணலைத் தொட்டு எடுத்தாள்.
"தனியா இருக்கதா?
இதுல எது தனியா இருக்கு? ஒண்ணைக் காட்டும்."

உருப்பெருக்கியை அவள் விரல்மேல் பிடித்தேன்.
கறுப்பு. இடுக்கில் சிவப்பு;
அதற்கு மாதுளையின் பெயர் வைத்திருக்கிறார்கள்.
தேன் நிறத்தில் இரண்டு மூன்று.
எல்லாம் ஒன்றையொன்று முண்டிக்கொண்டு
காலை எட்டு மணி நாகர்கோவில் பஸ்போல.
எந்தக் கண்டக்டராலும் உள்ளே போக முடியாது.

இந்த மணலிடம் கருவியை நீட்டினால் டிக் டிக் என்னும்.
அந்த எண்ணிக்கைக்குப் பொருள் என்னவென்று கேட்டால்
ஆலைக்காரருக்கு ஒரு விடை,
ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவருக்கு ஒரு விடை.
ரபேலம்மா கேட்கவில்லை. விரலைச் சேலையில் துடைத்தாள்.

செல்லோடேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தேன்.
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வந்தது.
மூடினேன். மணி அடித்தது.
"ஏக்கா! சாள போச்சா?" என்று
குவைத் என் கடைக்குள் கத்தியது.
பக்கத்து டீக்கடையில் நான்குபேர் திரும்பினார்கள்.

நாற்பது ரூபாய் கொடுத்தாள்.
போகும்போது பலகையை அண்ணாந்து பார்த்து
தங்கையிடம் சொல்லிக்கொண்டே போனாள்:
"இவனுக்கு எல்லா பேருக்கும் அர்த்தம் தெரியும் கேட்டியா,
எழுத்துதான் தெரியல."