குப்பைக்கூடை

பின் ஜன்னல் கொளுக்கியை உப்புக்காற்று தின்றிருந்தது.
டைக் வீதிக் கந்தோருக்குள் இறங்கியவன்
லாச்சியைத் தொடவில்லை.
நூற்றுப்பத்துப் பேரின் வரிக்கணக்கோடு
என் லப்டொப்பை மட்டும் தூக்கிப் போனான்.

"பூட்டு?" என்றார் பொலிஸில் எழுதியவர்.
பதினாறு எழுத்துக் கடவுச்சொல், சேர்.
"ஜன்னலுக்கு?"
நான் சுவரைப் பார்த்தேன்.

எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்:
பரிசு விழுந்ததென்றால் அழியுங்கோ,
வங்கி அவசரப்படுத்தினால் அழியுங்கோ,
தெரியாத ஆள் அனுப்பினதைத் தொடாதேங்கோ.
வடிகட்டியை இறுக்கி இறுக்கி
எறும்பும் நுழையாமல் வைத்திருந்தேன்.

முப்பதாம் நாள், நித்திரை வராமல்,
கைபேசியில் குப்பைக்கூடையைக் கிளறினேன்.
லண்டன் லொத்தர்.
மொட்டைக்கு மயிர் வளர்க்கும் எண்ணெய்.
யாரோ ஒரு ஜெனரலின் விதவை
என்னை நம்பி ஒப்படைக்கும் நாற்பது லட்சம் டொலர்.
நடுவிலே, தலைப்பில்லாமல்:

"மிஸ், நான் கிண்ணியா ஜெசீல், ரிப்பெயர் கடை.
பாஸ்வேர்ட் மறந்து பெய்த்தெண்டு ஒருத்தன்
மெஷின் ஒண்டு கொண்டு வந்தான்.
மூடியில பாதி உரிஞ்ச மான் ஸ்டிக்கர்.
அடியில உங்கட ஈமெயில்.
காசக் குடுத்து எடுத்து வெச்சிருக்கன்.
வந்து பாருங்க."

அமத்தச் சொல்லி எதுவும் இல்லை.
இரண்டு நாளில் தானாக அழியும் என்றிருந்தது.
மான் பாதி உரிந்தது மோசடிக்காரனுக்கு எப்படித் தெரியும்?
ஏன், எடுத்தவனுக்கும் தெரியும்தானே.

விடிய வெளிக்கிட்டேன்.
ஜன்னலில் இன்னும் கயிறுதான்.
பஸ் நிலையத்தில் ஒரு மான்
யாரோ எறிந்த லொத்தர்ச் சீட்டை
ஆறுதலாக மென்றுகொண்டு நின்றது.