பூக் கேட்டல்

கருப்பராயன் கோயிலில் பூக் கேட்க
எங்கள் வகையறாவில்
வர்ணிகாவைத்தான் கூப்பிடுவார்கள்.
மூன்று வயதிலிருந்தே அவள் கைதான்.

போர்வெல் எந்த மூலையில்,
அர்த்தநாரி மச்சானுக்கு அந்தப் பெண் சரிப்படுமா,
நாலு தறியை விற்று ஆட்டோலூம் வாங்கலாமா,
எல்லாம் அவள் எடுத்துக் கொடுத்தது.
வெள்ளை வந்து போட்ட போர்வெல்லில்
எழுநூறு அடிக்கும் புழுதிதான்.
அதற்கு அவளை யாரும் குறை சொல்லவில்லை.
எதற்கும் அவளை யாரும் கேட்டதுமில்லை.

போன வெள்ளிக்கிழமை
வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒன்று.
பூசாரி உருட்டிப் போட்டார்.
"எடு கண்ணு" என்றேன்.
குனிந்தவள் நிமிர்ந்தாள்.
"இது எதுக்குங்ப்பா?"

நான் மைனாவதியைப் பார்த்தேன்.
அவள் சூடத்தட்டைப் பார்த்தாள்.
நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி, ஆறாம் வகுப்பு.
மாமன் வீட்டில் பேசி, பேங்கில் பேசி,
லோன் எழுதும் பையனிடம்கூடப் பேசியாகிவிட்டது.
"உன்ற நல்லதுக்குத்தான் சாமி."

ஒன்றை எடுத்தாள்.
பிரிக்காமல் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.
"முதல்ல என்னையக் கேளுங்க.
பொறவு இதப் பிரிக்கலாம்."

பூசாரி சிரித்தார்.
எனக்குக் கிளம்பிய கோபம்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது.

காங்கயம் ரோட்டில் பேக்கரியில் வண்டியை நிறுத்தினேன்.
தேங்காய் பன்னைத் தொடவில்லை அவள்.
ராத்திரி பயமா இருந்தா யார எழுப்பறது?
வாரத்துக்கு எத்தன போன்?
வயசுக்கு வந்துட்டா அம்மாவ உள்ள விடுவாங்களா?
ஓடறதுக்கு கிரவுண்டு இருக்குதா, போட்டோவுல மட்டுமா?
புடிக்கலீன்னா திரும்பி வர்லாமா?

தெரியல என்றேன்.
அடுத்ததற்கும் அதையே.
ஒரு கிடாரிக் கன்று வாங்கப்
பல் பார்த்து, சுழி பார்த்து,
மூன்று சந்தைக்கு நடந்தவன் நான்.

போகமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தால்
அதட்டியாவது இருப்பேன்.
சொல்லவில்லை.

கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறோம்.
பதினோரு கேள்வி.
பன்னிரண்டாவது மைனாவதியுடையது,
அதை அவள் சத்தமாகப் படிக்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போகிறோம்.
"அங்க நாந்தான் கேப்பேன்.
நீங்க குறுக்க பேசக்கூடாது."

ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது
நிரப்பாத விண்ணப்பம். அதன்மேல் பொட்டலம்.
வெள்ளையா சிவப்பா, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.
கட்டெறும்பு ஒன்றுதான் உள்ளே போய்
என்னவோ பார்த்துவிட்டு வந்தது.